மீதியை வெள்ளித்திரையில் காண்க!

பயப்படுவதற்காகக் காசு கொடுத்துச் சீட்டு வாங்கும் பிராணி உலகத்தில் மனிதன் ஒருவன்தான். மானுக்குப் புலியிடம் பயம் உண்டு. ஆனாலும், "இன்று ஞாயிற்றுக்கிழமை, சற்றுப் புலியைப் பார்த்து நடுங்கிவிட்டு வருவோம்" என்று எந்த மானும் குடும்பத்துடன் புறப்பட்டதாகக் கேள்வியில்லை. நாமோ இருட்டில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, நாற்காலியின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, "ஐயோ!" என்று அலறிவிட்டு, வெளியே வந்ததும் "அபாரம்!" என்று சொல்லிக்கொண்டு வீடு திரும்புகிறோம்.

இந்த விசித்திரமான ஆசைக்குத் தீனி போடும் படங்கள் எத்தனையோ வந்திருக்கின்றன. அவற்றுள் 2008-ம் வருஷம் ஜனவரி 18-ந் தேதி அமெரிக்காவில் வெளியான "க்ளோவர்பீல்டு" என்னும் படம் தனி ரகத்தைச் சேர்ந்தது. தயாரித்தவர் ஜே. ஜே. ஏப்ரம்ஸ். டைரக்டர் மாட் ரீவ்ஸ். கதை வசனம் ட்ரூ காடார்டு. படம் வந்து வெகு காலமாகிவிட்டது என்று நேயர்கள் முகம் சுளிக்க வேண்டாம். நல்ல ஊறுகாயைப்போல், சில படங்களைப் பற்றி நாள் கழித்துப் பேசுவதில்தான் ருசி.

கதையைக் கேளுங்கள். நியூயார்க் நகரத்தில் ராப் என்ற வாலிபன் உத்தியோக நிமித்தம் ஜப்பானுக்குப் புறப்பட இருக்கிறான். சிநேகிதர்கள் கூடி அவனுக்கு வழியனுப்பு விருந்து நடத்துகிறார்கள். விருந்தைப் படம் பிடிக்கும் பொறுப்பு ஹட் என்ற நண்பனின் தலையில் வந்து விழுகிறது. ஹட் கைக் காமிராவை வைத்துக்கொண்டு, யாருக்கு யாரிடம் பிரியம், யார் யாருடன் சண்டை என்று ஊர்வம்பு அளந்துகொண்டிருக்கிறான். திடீரென்று கட்டடம் குலுங்குகிறது. விளக்குகள் அணைகின்றன. மாடிக்கு ஓடிப் பார்த்தால் தூரத்தில் தீப்பிழம்பு எழும்புகிறது. தெருவுக்கு ஓடி வந்தால், துறைமுகத்தில் நின்ற சுதந்திர தேவி சிலையின் தலை மட்டும் தெருவில் வந்து விழுந்து உருண்டு நிற்கிறது! கடலிலிருந்து ஏதோ ஒரு பூதம் கரையேறிவிட்டது. அது என்ன பூதம்? எங்கிருந்து வந்தது? எதற்காக வந்தது? யாருக்கும் தெரியாது.

அந்த நிமிஷத்திலிருந்து நமக்குக் கிடைப்பதெல்லாம் ஹட் கையிலுள்ள காமிரா பார்ப்பது மட்டுந்தான். ஹட் ஓடினால் படம் ஓடுகிறது; ஹட் தடுக்கி விழுந்தால் படமும் குப்புற விழுகிறது. அவன் தூணுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டால் நாமும் ஒளிந்துகொண்டு தூணின் சுண்ணாம்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். இதனால் சிலருக்குத் தலை சுற்றி வயிற்றைப் புரட்டியது என்றும், அமெரிக்கக் கொட்டகைகள் சிலவற்றில் முன்னெச்சரிக்கைப் பலகையே தொங்கவிட்டார்கள் என்றும் சமாசாரம். ராயபுரம் காசிமேட்டிலிருந்து கட்டுமரத்தில் ஏறிப் பழகினவர்களுக்கு இந்த உபத்திரவம் இராதென்று நினைக்கிறேன்.

என் வகுப்பில் படிக்கும் பிள்ளைகள் சிலர் இந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்து ஒரு நாள் பெரிய வாக்குவாதம் நடத்தினார்கள்.

"பூதத்தை முழுசாக் காட்டவே இல்லை, சார். வாலைக் கொஞ்சம், காலைக் கொஞ்சம் காட்டி ஏமாத்திட்டாங்க" என்றான் ஒருவன்.

மீனவர் குடும்பத்துப் பையன் ஒருவன் பின் பெஞ்சியிலிருந்து எழுந்து, "கடலிலே எது வந்தாலும் முழுசாத் தெரியாது, சார். முதுகு தெரியும், இல்லாட்டித் துடுப்புத் தெரியும். மிச்சத்தை நாமளேதான் நினைச்சுக்கணும்" என்றான்.

பத்திரிகை விமரிசகர்கள் பத்தி பத்தியாக எழுதியதை அந்தப் பையன் மூன்று வாக்கியத்தில் முடித்துவிட்டான். மற்றப் பூதப் படங்களில் காமிரா ஆகாயத்தில் தேவர்களைப்போல் உட்கார்ந்திருக்கும். அதற்குத் தெரியாத ரகசியம் கிடையாது. ஒரு விஞ்ஞானி கரும்பலகை முன் நின்று பூதத்தின் பிறப்பு வளர்ப்பை விளக்குவார். ஒரு சேனாதிபதி மேஜைமேல் படத்தை விரித்துக் கோலால் தட்டுவார். பத்து நிமிஷத்தில் பூதம் நமக்கு மாமன் மைத்துனன்போல் பழக்கமாகிவிடும். பழகின பூதத்தினிடம் என்ன பயம்? "க்ளோவர்பீல்டு" படத்தில் விஞ்ஞானியும் இல்லை, கரும்பலகையும் இல்லை. வழியில் அகப்படும் பட்டாளத்து அதிகாரியைக் கேட்டால் அவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. தெருவில் ஓடும் சாதாரண ஜனங்களுக்கு எவ்வளவு தெரியுமோ அவ்வளவுதான் நமக்கும் தெரியும். மிச்சத்தை நம்முடைய மனமே இட்டு நிரப்பிக்கொள்கிறது. மனம் படைக்கும் பூதத்துக்கு ஈடாக எந்தப் பட முதலாளியாலும் பூதம் செய்து கொடுக்க முடியாது.

யுக்தி இதோடு நிற்கவில்லை. ஹட் படம் பிடிக்கும் நாடாவில் ஏற்கெனவே வேறொரு நாளின் படம் பதிவாகியிருக்கிறது. ராபும் அவன் காதலி பெத்தும் கோனி ஐலண்டு என்ற கடற்கரைக்கு உல்லாசமாகப் போய்வந்த நாள் அது. அதன் மேலேயே இந்தப் பயங்கர இரவு பதிவாகிக்கொண்டு வருகிறது. நடுநடுவே காமிரா நின்றுபோகும்போது, சரியாக அழிக்காத சிலேட்டில் பழைய எழுத்துத் தெரிவதுபோல், அந்த ஆனந்தமான நாளின் துணுக்குகள் தலைகாட்டிவிட்டு மறைகின்றன. காதலர்களின் பிரிவை விளக்க வேறு வசனமே தேவையில்லை. பெத் தன் வீட்டில் இடிபாட்டில் சிக்கியிருக்கிறாள் என்று டெலிபோன் செய்தி வந்ததும், ஊரெல்லாம் ஒரு திசையில் ஓட, ராப் எதிர்த் திசையில் நடக்கிறான். பூதப் படம் என்று வந்தவர்கள் இங்கேதான் உண்மையில் அகப்பட்டுக்கொள்கிறார்கள்.

பின்னணி சங்கீதமும் கிடையாது. தப்பி ஓடுகிறவன் காதில் யார் பிடில் வாசிக்கப் போகிறார்கள்? படம் முடிந்து பெயர்கள் ஓடும்போதுதான் மைக்கேல் ஜியாச்சினோ என்பவரின் சங்கீதம் முழங்குகிறது. எல்லாம் சேர்ந்து சுமார் 2½ கோடி டாலர் செலவு. உலகமெங்கும் வசூல் சுமார் 17 கோடி டாலர். ஹாலிவுட் கணக்கில் இது சிக்கனத்துக்குக் கிடைத்த பரிசு.

அந்த வசூலுக்குப் பாதிக் காரணம் விளம்பரம். அதைப் பற்றிச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை அரைகுறையாகிவிடும். 2007-ம் வருஷம் ஜூலை மாதம் "ட்ரான்ஸ்பார்மர்ஸ்" என்ற படத்தைப் பார்க்கப் போன அமெரிக்கர்களுக்கு, அதற்கு முன்னால் ஒரு சிறு முன்னோட்டம் காட்டினார்கள். விருந்து, குலுக்கல், தீ, தெருவில் உருண்டு வரும் சிலைத் தலை. அவ்வளவுதான். கடைசியில் படத்தின் பெயர் வரும் என்று எல்லாரும் காத்திருந்தார்கள். பெயர் வரவில்லை! தயாரிப்பாளர் பெயரும் ஒரு தேதியும் மட்டும் வந்தன. தேசம் முழுவதும், "அது என்ன படம்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டது. படமுதலாளிகளோ வாயைத் திறக்கவில்லை. பொய்ப் பெயர்களை வைத்துப் படம் பிடித்தார்கள். நடிகர்களைத் தேர்ந்தெடுக்கும்போதுகூட அவர்களுக்கு உண்மைக் கதையைக் காட்டாமல் வேறு நாடகங்களின் காட்சிகளைக் கொடுத்து நடிக்கச் சொன்னார்களாம். "ஸ்லஷோ" என்ற இல்லாத பானத்துக்கும், ஆழ்கடலில் துளை போடும் "டாகுருவாடோ" என்ற இல்லாத ஜப்பானியக் கம்பெனிக்கும் இணையத்தில் பக்கங்கள் முளைத்தன. ஜனங்கள் துப்பறியும் சாம்புகளாக மாறி, துணுக்குத் துணுக்காகச் சேர்த்து, படம் வருவதற்கு ஆறு மாதம் முன்பிருந்தே படத்தை மனசில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

இதைக் கேட்டு, "ஆஹா, மேல்நாட்டாரின் மூளையே மூளை!" என்று யாராவது பெருமூச்சு விட்டால், நம் வீட்டுப் பெரியவர்கள் சிரிப்பார்கள். கொட்டகை வாசலில் சினிமாப் பாட்டுப் புத்தகம் விற்ற காலத்தை அவர்கள் அறிவார்கள். அதில் முதல் பக்கத்தில் கதைச் சுருக்கம் இருக்கும். ராஜகுமாரி சிறைப்படுவாள், மந்திரி சதி செய்வான், கதாநாயகன் பாதாளத்தில் தள்ளப்படுவான். "அப்புறம் என்ன ஆயிற்று?" என்று நெஞ்சு படபடக்கும் இடத்தில், "மீதியை வெள்ளித்திரையில் காண்க" என்று நிறுத்திவிடுவார்கள். ஏப்ரம்ஸ் செய்த காரியமும் இதுவே. நம்மவர்கள் கதையில் பாதியை மறைத்தார்கள்; அவர் கதையை முழுவதும் மறைத்துப் பெயரையும் சேர்த்து மறைத்தார்.

எல்லாவற்றையும் காட்டி ஆசை மூட்டும் விளம்பரமும் உண்டு. 1948-ம் வருஷம் "சந்திரலேகா" வெளிவந்தபோது எஸ். எஸ். வாசன் இந்தியா தேசம் பூராவும் அதுவரை காணாத பிரம்மாண்டமான விளம்பரம் செய்தார். முரசு நடனத்தைப் பற்றிக் கேள்விப்படாதவர்களே இல்லை என்று ஆகிவிட்டது. அது கல்யாண வீட்டுப் பந்தல் போன்றது. தூரத்திலிருந்தே விருந்தின் மணம் வரவேண்டும். "க்ளோவர்பீல்டு" விளம்பரமோ மூடின பாத்திரம். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியும் ஆவலே மணம்.

ஆனால் மூடி வைப்பது வேறு, பொய் சொல்வது வேறு. 1999-ம் வருஷம் "தி ப்ளேர் விட்ச் ப்ராஜெக்ட்" என்று ஒரு கைக் காமிராப் படம் வந்தது. காட்டில் சூனியக்காரியைத் தேடிப்போன மூன்று மாணவர்கள் காணாமற்போய்விட்டதாகக் கதை. விளம்பரக்காரர்கள் அதைக் கதை என்று சொல்லாமல், நிஜமாகவே காணாமற்போய்விட்டார்கள் என்று துண்டுப் பிரசுரம் விநியோகித்தார்கள். அதை நம்பிய நல்ல மனிதர்கள், கதாநாயகியாக நடித்த பெண்ணின் தாயாருக்கு அனுதாபக் கடிதங்கள் எழுதிப் போட்டார்கள். பெண் உயிரோடு இருக்கும்போது அந்தத் தாயார் அந்தக் கடிதங்களை எப்படிப் பிரித்துப் பார்த்திருப்பார்? கெட்டிக்காரத்தனத்துக்கு ஓர் எல்லை உண்டு என்பதற்கு இது சாக்ஷி. "க்ளோவர்பீல்டு" விளம்பரம் அந்த எல்லையைத் தாண்டவில்லை. இது விளையாட்டு என்று தெரிந்துதான் எல்லாரும் விளையாடினார்கள்.

விளம்பரம் மட்டும் இருந்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. இதே வரிசையில் "தி க்ளோவர்பீல்டு பாரடாக்ஸ்" என்ற படத்தை, 2018-ம் வருஷம் பிப்ரவரி 4-ந் தேதி, அமெரிக்காவே கூடிப் பார்க்கும் கால்பந்துப் போட்டியின் நடுவில் விளம்பரம் செய்து, போட்டி முடிந்த கையோடு நெட்பிளிக்ஸில் வெளியிட்டார்கள். யுக்தி பலே யுக்திதான்! மூடியைத் திறந்து பார்த்தவர்கள்தான் முகம் வாடினார்கள். பாத்திரத்தில் பதார்த்தம் இல்லாவிட்டால் மூடியின் பளபளப்பு எத்தனை நேரம் தாங்கும்?

அமெரிக்கப் பூதத்தைப் பற்றி ராயபுரத்திலும் திருவொற்றியூரிலும் குடியிருக்கும் நமக்கு என்ன கவலை என்று கேட்கலாம். துறைமுகப் பட்டணத்து ஜனங்களுக்குக் கடலிலிருந்து வரும் பூதத்தைப் பற்றி யாரும் பாடம் சொல்லவேண்டியதில்லை. 1914-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி இரவு ஒன்பதரை மணி சுமாருக்கு "எம்டன்" என்ற ஜெர்மன் யுத்தக் கப்பல் சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே இருட்டில் வந்து நின்றது. அதன் காப்டன் கார்ல் பான் முல்லர். நூற்றுக்கு மேற்பட்ட குண்டுகளைச் சுட்டது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. அரை மணி நேரத்துக்குள் கப்பல் இருட்டில் மறைந்துவிட்டது. சென்னைவாசிகளில் எத்தனை பேர் அந்தக் கப்பலைக் கண்ணால் கண்டிருப்பார்கள்? கண்டதெல்லாம் வெளிச்சமும் புகையுந்தான். ஆனால் மறுநாளிலிருந்து ரயிலிலும் வண்டியிலும் ஆயிரக்கணக்கான ஜனங்கள் பட்டணத்தைக் காலி செய்துகொண்டு கிளம்பிவிட்டார்கள். அதே வருஷம் நவம்பர் 9-ந் தேதி கோகோஸ் தீவுகளுக்கருகில் "சிட்னி" என்ற ஆஸ்திரேலியக் கப்பல் எம்டனை அழித்தது. நம் பாஷையில் அதை அழிக்க யாராலும் முடியவில்லை. "அவன் பெரிய எம்டன்!" என்ற பேச்சு நிலைத்துவிட்டது. 2006-ம் வருஷத்தில் "எம்டன் மகன்" என்று ஒரு தமிழ்ப் படத்துக்குப் பெயர் வைத்து, தமிழ்ப் பெயருக்கு அப்போது கிடைத்த வரிவிலக்குக்காக அதை "எம் மகன்" என்று மாற்ற வேண்டி வந்தது. பாதி தெரிந்து பாதி தெரியாத பூதத்துக்கு எவ்வளவு நீண்ட ஆயுள் பாருங்கள்!

பூதப் படங்களின் பிதாமகனான ஜப்பானியக் "காட்ஸில்லா"வும் கடற்கரை ஜனங்களின் துக்கத்தில் பிறந்ததுதான். 1954-ம் வருஷம் மார்ச் 1-ந் தேதி அமெரிக்கா பிகினித் தீவில் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒரு ஜப்பானியப் படகின்மேல் பொழிந்தது. படகிலிருந்த 23 பேரும் நோயுற்றார்கள். ஏன் நோய் வந்தது என்று கரை சேரும்வரை அவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. அதே வருஷக் கடைசியில் இஷிரோ ஹோண்டாவின் "காட்ஸில்லா" படம் வெளியாயிற்று. ஏப்ரம்ஸ் தம் பிள்ளையுடன் ஜப்பானுக்குப் போனபோது, பொம்மைக் கடைகளில் காட்ஸில்லாப் பொம்மைகளைப் பார்த்துத்தான், நம் தேசத்துக்கும் ஒரு பூதம் வேண்டும் என்று எண்ணினாராம்.

அந்தப் படகுக்காரர்களின் கதி நம் எண்ணூருக்கு அந்நியமானதன்று. 2017-ம் வருஷம் ஜனவரி 28-ந் தேதி எண்ணூர்த் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதின. எண்ணெய் கடலில் கொட்டியது. சிந்தியது மிகச் சொற்பம் என்றுதான் முதலில் சொன்னார்கள். ஆனால் மீனவர்களும் மாணவர்களும் கையிலிருந்த செல்போனில் எடுத்த படங்கள் வேறு கதை சொல்லின. கரையெல்லாம் கரிய சேறு. வாளி வாளியாக அள்ளியும் தீரவில்லை. 2023-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி நள்ளிரவை ஒட்டி, எண்ணூர்ப் பெரியகுப்பத்தில் கடலுக்கடியில் செல்லும் ஒரு குழாயிலிருந்து அம்மோனியா வாயு கசிந்தது. தூக்கத்திலிருந்து எழுந்த ஜனங்கள் மூச்சுத் திணற, கண் எரிய, குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். என்ன வாயு? எங்கிருந்து வருகிறது? எந்தப் பக்கம் ஓடினால் பிழைக்கலாம்? படத்தில் ராபும் ஹட்டும் கேட்ட அதே கேள்விகள். அவர்களுக்குப் பதில் கிடைக்காததில் நமக்கு ரஸம் இருந்தது. பெரியகுப்பத்தில் அது ரஸமா?

இந்தப் படம் எனக்குப் பிடித்திருப்பதற்கு முக்கியமான காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து வைப்பதன் இன்பத்தை அது பூரணமாகக் காட்டுகிறது. அதனாலேயே, மறைத்து வைப்பது எந்த இடத்தில் தகும், எந்த இடத்தில் தகாது என்பதும் நமக்கு விளங்குகிறது. கதை சொல்கிறவன் கையை மூடிக்கொள்ளலாம். மூடின கையைப் பார்த்துத்தான் குழந்தை சிரிக்கிறது. ஆனால் ஆலையை நடத்துகிறவனும் அதிகாரத்தை நடத்துகிறவனும் கையை விரித்துக் காட்டக் கடமைப்பட்டவர்கள். எந்தக் குழாயில் என்ன போகிறது, அது உடைந்தால் எந்தச் சங்கு ஊதும், எந்தத் தெரு வழியாக எங்கே போகவேண்டும் என்பதைக் கடலோரக் குப்பங்களில் தமிழில் எழுதி ஒட்டவேண்டும். வருஷத்துக்கு ஒரு முறையாவது பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டி நடத்திக் காட்டவேண்டும். சொல்லாமல் விட்டால் மட்டுமல்ல, சரி பாராமல் சொன்னாலும் கேடுதான். 2004-ம் வருஷம் டிசம்பர் 26-ந் தேதி சுனாமி வந்தபோது எச்சரிக்கை இல்லை. நான்கு நாள் கழித்து, டிசம்பர் 30-ந் தேதி, இன்னொரு அலை வரும் என்று உத்தியோக பூர்வமாக எச்சரித்தார்கள். கடற்கரை முழுவதும் ஜனங்கள் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார்கள். அலை வரவில்லை.

இனிப் படம் பார்க்கப் போகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. சின்னக் குழந்தைகளை அழைத்துப் போகவேண்டாம். தலை சுற்றுகிறவர்கள் கூடியமட்டும் பின்னால் உட்காருங்கள். பூதம் இன்னும் சரியாகத் தெரியவில்லையே என்று ஆத்திரப்படாதீர்கள். பூதத்தை ஒரு குழந்தையாகவே மனத்தில் கொண்டதாகவும், தாயைப் பிரிந்து பயந்துபோய் அது ஊரை உடைப்பதாகவும் டைரக்டர் ரீவ்ஸ் பின்னால் சொல்லியிருக்கிறார். இதைத் தெரிந்துகொண்டு இரண்டாம் முறை பார்த்தால் அதன் அலறலே வேறு மாதிரியாகக் கேட்கிறது.

ராபும் பெத்தும் கடைசியில் பிழைத்தார்களா என்று என்னைக் கேட்கவேண்டாம். ஒன்று மட்டும் சொல்வேன். படத்தின் கடைசித் துணுக்கில் கோனி ஐலண்டுக் கடற்கரை மறுபடியும் வரும். காதலர்களின் சிரித்த முகத்தையே பார்த்துக்கொண்டிராமல், பின்னால் தெரியும் கடலின்மேல் ஒரு கண் வைத்திருங்கள். மீதியை வெள்ளித்திரையில் காண்க!